வார்டில் சும்மா நிற்பது வீணா? மருத்துவமனைப் பயிற்சி: வாசகர் கேள்வி பதில்

மருத்துவமனைக்கு முதன்முதலாகப் பயிற்சிக்குப் போகிற மாணவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் ஒரு பங்கு, 'எங்களை ஒன்றுமே செய்ய விடுவதில்லை' என்கிறது. இன்னொரு பங்கு, 'எல்லா வேலையையும் எங்கள் தலையில் கட்டுகிறார்கள்' என்கிறது. இரண்டுமே உண்மைதான், சில சமயம் ஒரே வார்டில் ஒரே நாளில். செவிலியராக வேலை பார்த்து, பிறகு மாணவிகளை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்த டியூட்டர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பலர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: பிளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் படிக்கிறேன். பள்ளியிலிருந்து எங்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஊசியைத் தொடவிடுவதில்லை, பி.பி. கூடப் பார்க்க விடுவதில்லை. 'ஓரமா நின்னு பாரு' என்கிறார் சிஸ்டர். கால் வலிதான் மிச்சம். இப்படி நிற்பதால் என்ன பிரயோஜனம்? (மாணவி, தேனி)

சும்மா நின்றால் கால் வலிதான் மிச்சம் ஆகும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கே நிற்கிறாய், எதைப் பார்க்கிறாய் என்று ஒரு கணக்கோடு நின்றால் கதை வேறு.

முதலில் இடம். படுக்கையின் வலது பக்கத்தை டாக்டருக்கு விட்டுவிடு, வலது பக்கம் நின்று பரிசோதிப்பதுதான் இங்கே எல்லாரும் படித்து வந்த பழக்கம். தலைமாட்டில் நின்றால் டிரிப்ஸ் ஸ்டாண்டும் ஆக்சிஜன் குழாயும் இடிக்கும். கால்மாட்டில் ஓரமாக நின்றால் நோயாளியின் முகம், சிஸ்டரின் கை, கேஸ் ஷீட் (நோயாளியின் விவரத் தாள்) மூன்றும் தெரியும், ஸ்ட்ரெச்சர் வந்தால் சட்டென்று நகரவும் முடியும்.

அடுத்தது நேரம். டியூட்டி மாறும்போது நைட் சிஸ்டர் காலை சிஸ்டரிடம் படுக்கை படுக்கையாக ஒப்படைத்துக்கொண்டு போவார்களே, அந்தச் சமயத்தில் பின்னால் போய் நின்றுகொள். எந்த நோயாளிக்கு நான்கு வாக்கியம் சொன்னார்கள், யாரை 'இவங்க ஓகே' என்று தாண்டினார்கள், யாரிடம் வந்தபோது இரண்டு பேரும் டிரிப்ஸ் பாட்டிலையும் யூரின் பையையும் சேர்த்துப் பார்த்தார்கள் என்று கவனி. அந்த வார்டில் அன்றைக்கு யார் ஆபத்தில் இருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மருந்து கொடுப்பதைப் பார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று வகுப்பில் ஒப்பித்திருப்பாய். வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு லட்சுமிகள் படுத்திருப்பார்கள். அனுபவமுள்ள சிஸ்டர் 'லட்சுமிதானே?' என்று கேட்க மாட்டார், 'உங்க பேரு என்னம்மா?' என்றுதான் கேட்பார். 'லட்சுமிதானே?' என்று கேட்டால் காய்ச்சல் மயக்கத்தில் கிடக்கிற சரஸ்வதியும் 'ஆமா' என்று தலையாட்டிவிடுவார். இது எந்தப் பாடப்புத்தகத்தையும்விட உன் மனதில் நிற்கும்.

தொடாமலே செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. மூச்சை எண்ணு. முழுதாக ஒரு நிமிடம், வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும், எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அவரை அறியாமலே மூச்சை மாற்றிக்கொள்வார். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 இருக்கலாம். எண்ணிவிட்டு சார்ட்டைப் பார். வரிசையாக எல்லாருக்கும் 20, 20, 20 என்று எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்கே புரியும் (சிரிக்காதே, வெளியே சொல்லவும் சொல்லாதே). நீ எண்ணியதில் யாருக்காவது 28, 30 என்று வந்தால் மட்டும் வெட்கப்படாமல் சிஸ்டரிடம் போய்ச் சொல். உடம்பு மோசமாகப் போகிறது என்பதை பி.பி. காட்டுவதற்கு முன்பே மூச்சு காட்டிவிடும்.

அதே மாதிரி டிரிப்ஸ். பெரியவர்களுக்குப் போடும் சாதாரண செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு ஒரு மில்லி, கவரிலேயே அச்சிட்டிருக்கும். 500 மில்லி பாட்டில் 4 மணி நேரத்தில் போக வேண்டும் என்றால் மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42. கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, ஓடுகிற சொட்டை எண்ணிப் பார். பொருந்தவில்லை என்றால் கேள். ரெகுலேட்டரை மட்டும் நீயாகத் திருகாதே.

இப்படி இரண்டு நாள் செய், மூன்றாவது நாள் அந்த சிஸ்டரே பி.பி. மெஷினை உன் கையில் கொடுப்பார். கொடுக்காவிட்டால், வேலை ஓய்ந்த மதிய நேரத்தில் 'சிஸ்டர், உங்களுக்கே ஒரு தடவை பி.பி. பார்க்கவா?' என்று கேட்டுப் பார். அநேகமாக மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி படிக்கிறேன். முதல் நாள் சிசேரியன் பார்க்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். வகுப்பில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையா? (மாணவர், மதுரை)

லாயக்குக்கும் மயக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. பயமோ அதிர்ச்சியோ வரும்போது சிலருக்கு இதயத் துடிப்பு குறைந்து, ரத்தக் குழாய்கள் விரிந்து, மூளைக்குப் போகிற ரத்தம் சில நொடி குறைகிறது, அவ்வளவுதான். அதோடு காலையில் சாப்பிடாமல் வந்தது, அசையாமல் ஒரே இடத்தில் நின்றது, மாஸ்க்குக்குள் வெக்கை, கூடவே டயதெர்மியில் (மின்சாரச் சூட்டில் அறுக்கிற கருவி) சதை கருகுகிற அந்த வாசனை எல்லாம் சேர்ந்தால் யாருக்கும் வரும். நன்றாக வேலை பார்க்கிற எத்தனையோ பேர் முதல் நாள் விழுந்தவர்கள்தான். அதைப் பிறகு வெளியே சொல்வதில்லை.

அடுத்த முறை இட்லியோ தோசையோ ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, தண்ணீர் குடி. முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்காதே, கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விடு. வியர்க்கிறது, காது அடைக்கிறது, கொட்டாவி வருகிறது என்றால் அதுதான் அறிகுறி, அந்த நொடியே 'தலை சுத்துது' என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார். மானம் போகுமே என்று தாக்குப்பிடித்து நின்று, கடைசியில் கருவி அடுக்கிய டிராலி மேல் விழுந்தாய் என்றால், அத்தனை கருவியையும் மாற்ற வேண்டும், அங்கே வயிறு திறந்த நிலையில் ஒரு தாய் காத்திருப்பாள். உட்கார்ந்ததற்காக உன்னை யாரும் திட்டப் போவதில்லை.

பச்சை, நீலத் துணி விரித்த எதன் பக்கத்திலும் போகாதே. இரண்டு ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) இடங்களுக்கு நடுவே குறுக்கே நடக்காதே. கையை மடக்கி மார்போடு வைத்துக்கொள். பட்டப்பெயரைப் பற்றிக் கவலைப்படாதே, அடுத்த மாதம் இன்னொருவன் விழுவான், பட்டம் கைமாறிவிடும்.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருஷம். லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிறோம். போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) என்ற பெயரில் பெட்பேன் எடுக்க வைக்கிறார்கள், படுக்கை விரிக்க வைக்கிறார்கள். இது ஆயா வேலை இல்லையா? (தந்தை, சேலம்)

ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, பிரித்துத்தான் பேச வேண்டும்.

பெட்பேன் எடுப்பது நர்சிங்தான். அதில் என்ன நிறத்தில், எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பதும் வைத்தியம்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே சிறுநீர் போனால் சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். அதை முதலில் பார்க்கிறவர் பெட்பேனைக் கையில் வைத்திருப்பவர்தான், ரவுண்ட்ஸ் வருகிற பெரிய டாக்டர் அல்ல. படுக்கை விரிப்பதும் அப்படித்தான். சுருக்கம் விழுந்த விரிப்பில் அசைய முடியாத நோயாளி கிடந்தால் முதுகில் புண் வரும். எலும்பு தெரியும் அளவுக்குப் போன படுக்கைப் புண்ணை ஒருமுறை பார்த்தவர்கள் அதற்கப்புறம் படுக்கை விரிப்பதை மட்டமாகப் பேச மாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்பதை உங்கள் மகள் அநேகமாக ஒரு ஆயாம்மாவிடம்தான் கற்றுக்கொள்வாள். அந்த ஆயாம்மாவுக்குத் தெரிந்த அளவு அந்த வேலையில் டியூட்டர்களுக்கே தெரியாது. அதனால் 'ஆயா வேலை' என்ற பேச்சை வீட்டில் அவள் காதில் விழும்படி பேசாதீர்கள், வார்டில் அவள் முகத்தில் அது தெரியும்.

இனி அடுத்த விஷயம். மாதக்கணக்கில் அதை மட்டுமே செய்ய வைத்தால், கூட டியூட்டர் யாரும் வராவிட்டால், செய்த வேலைகளைக் குறிக்கிற லாக் புக்கில் எழுத ஒன்றுமே கற்றுத்தராவிட்டால் அது பயிற்சி அல்ல, சம்பளமில்லாத ஆள் சேர்ப்பு. சில தனியார் கல்லூரிகள் தங்கள் மருத்துவமனையை மாணவிகளை வைத்தே ஓட்டுகின்றன என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். முக்கியமாக நைட் டியூட்டியில் ஸ்டாஃப் நர்ஸ் இல்லாமல் மாணவியைத் தனியாக வார்டைப் பார்க்கச் சொல்கிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அடுத்த நாளே முதல்வரைப் போய்ப் பாருங்கள், கூடவே எழுதியும் கொடுங்கள். அங்கே ஒரு உயிருக்கு ஏதாவது ஆனால் கேள்வி உங்கள் மகள் மேல்தான் வரும். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

கேள்வி: பூ வைத்துக்கொண்டு போகலாமா? வளையல், மருதாணி? (மாணவி, கும்பகோணம்)

பூ வேண்டாம், வளையல் வேண்டாம், மோதிரம் வேண்டாம், நெயில் பாலிஷ் வேண்டாம். மருதாணி போட்டாகிவிட்டது என்றால் என்ன செய்வது, கல்லூரியில் விட்டால் போ. விநாடி முள் உள்ள கடிகாரம் கட்டாயம், மணிக்கட்டில் வேண்டாம், சட்டையில் குத்திக்கொள். முன்பக்கம் மூடிய ஷூ. சாப்பிடும்போது கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதே.

கேள்வி: ரவுண்ட்ஸில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குப் போகும்போது பெரிய டாக்டர்களே கை சுத்தம் செய்வதில்லை. நான் மட்டும் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) போட்டால் நக்கலாகப் பார்க்கிறார்கள். (மாணவர், கோயம்புத்தூர்)

போடு. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

இது மாணவர்களை வைத்தே கண்டுபிடித்த விஷயம், தெரியுமா? வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி, இன்னொன்றில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி. மாணவர்கள் இருந்த பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் அதிகமாகச் செத்தார்கள், ஊர்ப் பெண்கள் அந்தப் பிரிவு வேண்டாம் என்று கெஞ்சுகிற அளவுக்கு. பிணவறையில் பிரேதத்தை அறுத்த கையோடு மாணவர்கள் நேரே பிரசவ அறைக்கு வந்ததுதான் காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் பிடித்துவிட்டார். 1847ல் குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். சாவு மளமளவென்று குறைந்தது. அப்போதும் பெரிய டாக்டர்கள் அவரை நக்கலாகத்தான் பார்த்தார்கள்.

நோயாளியைத் தொடும் முன், ஊசி, டிரஸ்ஸிங் மாதிரி சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ சளியோ பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டில், போர்வையைத் தொட்ட பின். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற ஐந்து தருணம் இவைதான். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் ஹேண்ட் ரப் போதாது, சோப்பும் தண்ணீரும்தான்.

கேள்வி: லேப் டெக்னீஷியன் படிப்பு. ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திக்கொண்டேன். திட்டுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஆகிவிட்டது. தூக்கம் வரவில்லை. (மாணவி, ஊர் வேண்டாம்)

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று ஆசிரியர் குழு அந்தப் பெண்ணிடம் உடனே பேசிவிட்டது, அவர் போய்க் காட்டியும்விட்டார். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

குத்தினால் முதலில் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவு. அழுத்திப் பிதுக்காதே, வாயில் வைத்துச் சப்பாதே, பிளீச்சிங், டெட்டால் என்று எதையும் ஊற்றித் தேய்க்காதே. கழுவிய கையோடு இன்சார்ஜிடம் சொல். யாருடைய ரத்தம் என்று குறித்துக்கொள், அவருக்கும் சோதனை செய்ய வேண்டியிருக்கும். உனக்கும் அன்றே ரத்தம் எடுப்பார்கள், குத்துவதற்கு முன் உனக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்று பதிவாக வேண்டும் அல்லவா, அதற்காக.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் கேளுங்கள். மையம் மூடியிருக்கிற ராத்திரி நேரம் என்றால் கேசுவாலிட்டிக்குப் போங்கள், காலை வரை உட்கார்ந்திருக்காதீர்கள்.

பயத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருடைய ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட தொற்று வருவது ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். நிஜமாகப் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது வரை போகலாம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்று மூன்று டோஸ். போஸ்டிங் ஆரம்பிக்கும் முன்பே இதைப் போட்டிருக்க வேண்டும். உங்கள் கல்லூரி கேட்கவில்லை என்றால் நீங்களே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூடி போட்டது ஏன்? பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடவே கூடாது. மூடாமல் அப்படியே, ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். கிளவுஸ், டிரிப்ஸ் டியூப் எல்லாம் சிவப்பு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள், கண்ணாடி நீலம். 2016ல் வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி எல்லா மருத்துவமனையிலும் இதே நிறங்கள்தான். டப்பா முக்கால் பாகம் நிறைந்தாலே மாற்றச் சொல்லுங்கள், ரொம்பி வழிகிற டப்பாவில் திணித்தும் பலர் குத்திக்கொள்கிறார்கள்.

திட்டுவார்கள் என்பது உண்மைதான். சிலர் திட்டுவார்கள். ஐந்து நிமிடம் திட்டு வாங்கிக்கொண்டு மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: யூனிஃபார்மில் ரீல்ஸ் போடலாமா? நோயாளி முகம் தெரியாமல்தான் எடுப்போம். (மாணவிகள், திருநெல்வேலி)

கூடாது. முகம் தெரியாவிட்டால் என்ன, பின்னால் படுக்கை நம்பர் தெரியும், கட்டிலில் தொங்குகிற சீட்டு தெரியும், கையில் பச்சை குத்திய பெயர் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியார் தெரிவார். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) வழக்குக் குழந்தை யாரென்று தெரியும்படி எதையாவது வெளியிட்டால் அதுவும் தனிக் குற்றம். வார்டில் யார் எதற்காகப் படுத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

அதைவிட ஆபத்து வாட்ஸ்ஆப் குரூப். 'இந்த எக்ஸ்ரே பாருங்கடி' என்று பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரும் தெரிகிற படத்தைத் தட்டிவிடுகிறீர்கள், அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் பேசுவதும் கணக்குதான். 52ஆம் நம்பர் பஸ்ஸில் உங்கள் பின் சீட்டில் அந்த நோயாளியின் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். ரீல்ஸ்தான் வேண்டும் என்றால் ஹாஸ்டல் மொட்டை மாடி இருக்கிறது.

கேள்வி: எம்.பி.பி.எஸ். முதல் வருஷம். வார்டுக்குக் கூட்டிப் போகும்போது ஒரு நோயாளியைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்று ஒவ்வொருவராக ஸ்டெத் வைக்கிறோம். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். எனக்குக் குற்றவுணர்ச்சியாக இருந்தது. மற்றவர்கள் 'அரசு ஆஸ்பத்திரின்னா அப்படித்தான்' என்கிறார்கள். (மாணவர், தஞ்சாவூர்)

உங்கள் குற்றவுணர்ச்சி சரி. அந்த 'அப்படித்தான்' தப்பு. காசு கொடுக்காமல் வைத்தியம் பார்க்கிறார் என்பதற்காக உடம்பைப் பாடமாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. தனியார் மருத்துவமனை டீலக்ஸ் அறையில் இதே பதினைந்து பேர் கதவைத் தட்டாமல் நுழைவார்களா?

முதல் வருடத்திலேயே மாணவர்களை நோயாளியிடம் கூட்டிப் போக வேண்டும் என்பது 2019ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. அதே பாடத்திட்டம் நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படிச் சம்மதம் கேட்பது என்பதற்கும் தனியாக வகுப்பு வைத்திருக்கிறது. வகுப்பில் மார்க் வாங்கியதை வார்டில் செய்துகாட்டுவதுதான் பாக்கி.

நீங்கள் முதல் வருட மாணவர், பேராசிரியரைத் திருத்த முடியாது. ஆனால் உங்கள் முறை வரும்போது என்ன செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. 'வணக்கம்மா, நான் இங்கே படிக்கிற பையன். உங்க நெஞ்சுல ஸ்டெத் வச்சுக் கேட்கலாமா? வேண்டாம்னா பரவாயில்லை' என்று சொல்லுங்கள், பத்து விநாடி ஆகும். ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி வையுங்கள். ஸ்கிரீன் இழுத்திருக்கிறதா பாருங்கள், பெண் நோயாளி என்றால் பக்கத்தில் ஒரு சிஸ்டரோ மாணவியோ இருக்கட்டும், தேவையான இடத்துக்கு மேல் சேலை விலக வேண்டியதில்லை, முடிந்ததும் நீங்களே போர்த்திவிடுங்கள். பத்துப் பேர் கேட்டாகிவிட்டது, அந்த அம்மா சோர்ந்துவிட்டார் என்று தெரிந்தால் 'சார், நான் சாயங்காலம் வந்து கேட்டுக்கிறேன்' என்று ஒதுங்கிக்கொள்ளலாம். சாயங்காலம் நிஜமாகவே போங்கள். கூட்டமில்லாத அந்த நேரத்தில் நான்கு வார்த்தை பேசினால், மூச்சுத் திணறல் முதலில் எப்போது வந்தது என்று கேஸ் ஷீட்டில் இல்லாத ஒன்றை அவரே சொல்வார். இப்படிப் போய்ப் பேசுகிற மாணவர்களைத்தான் ஹவுஸ் சர்ஜன்கள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லித்தருவார்கள், நான் பார்த்தவரை.

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம், இருப்பது லண்டன் ஹரோவில். மகன் இயர் 12. மெடிசின் படிக்க விருப்பம். இங்கே ஆஸ்பத்திரியில் வேர்க் எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்குதில்லை. விடுமுறைக்குச் சென்னை வரும்போது தெரிந்த டாக்டர் ஒருவரின் ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை (வாரம்) நிற்கலாம் என்கிறார்கள். அது கணக்கில் வருமா? (தாய், லண்டன்)

வரும் அம்மா, ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. அங்கே பல்கலைக்கழகங்கள் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை ஆபரேஷன் பார்த்தான் என்று பட்டியல் கேட்பதில்லை. நேர்முகத்தில் 'என்ன பார்த்தாய், அதிலிருந்து இந்த வேலையைப் பற்றி என்ன புரிந்தது' என்று கேட்பார்கள். ஹரோவிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் வாரம் ஒருநாள் போய், ஞாபக மறதி உள்ள ஒரு பாட்டிக்குச் சாப்பாடு ஊட்ட உதவி செய்த பையன் அந்தக் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லுவான். அந்த அனுபவத்தையும் மருத்துவக் கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. குடும்ப டாக்டர்களுக்கான ராயல் காலேஜ் நடத்துகிற 'அப்சர்வ் ஜிபி' என்ற இலவச ஆன்லைன் பயிற்சியும் இருக்கிறது, 16 வயது தாண்டியவர்களுக்கு. யூகாஸில் (அங்கே பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் அமைப்பு) மெடிசினுக்கு அக்டோபர் 15 கடைசித் தேதி, கோடையில் யூகேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு வேறு இருக்கிறது, அதனால் விடுமுறை முழுவதையும் சென்னையில் கரைத்துவிட வேண்டாம்.

சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் கண்டிப்பாகவே. தெரிந்த டாக்டர் சரி என்றால் போதாது, மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். லண்டனில் தையல் போட விடமாட்டார்கள், இங்கே மாமா விடுவார் என்ற ஆசையில் வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே படுத்திருக்கிற நோயாளிக்கும் லண்டன் நோயாளிக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும். உங்கள் மகன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும், தமிழ் பேசத் தெரிந்தால் ஓ.பி. வரிசையில் நிற்கிறவர்களிடம் பேசட்டும். விடியற்காலை பஸ் ஏறி வந்து சீட்டு வாங்கி மதியம் வரை காத்திருக்கிறவர் மூன்று நிமிடத்தில் டாக்டரிடம் என்ன சொல்ல முடிகிறது, என்ன சொல்ல விட்டுப்போகிறது என்று அவன் கவனித்தால், நேர்முகத்தில் பேச அதுவே போதும்.

கேள்வி: ரேடியாலஜி போஸ்டிங். எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஸ்கேன் ஓடாதபோதும் செயின், சாவி எல்லாம் கழற்றச் சொல்கிறார் டெக்னீஷியன். ஓவராக இல்லை? (மாணவர், ஈரோடு)

இல்லை. ஸ்கேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018ல் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன நோயாளியின் உறவினர் ஒருவரைக் காந்தம் சிலிண்டரோடு சேர்த்து இழுத்து, அவர் இறந்தே போனார். கத்தரிக்கோல், பேனா, ஹேர்பின் எல்லாம் வெளியே. ஸ்டெத்தும் வெளியே. டெக்னீஷியன் சொன்னால் மறுபேச்சு வேண்டாம்.

எக்ஸ்ரே அறை வேறு விஷயம், அங்கே பட்டனை அழுத்தும்போது மட்டும்தான் கதிர்வீச்சு. தடுப்புக்குப் பின்னால் நில். நோயாளியைப் பிடித்துக்கொள்ள உன்னைக் கூப்பிட்டால் லெட் ஏப்ரன் (ஈய மேலங்கி) கேள், தினமும் உன்னையே கூப்பிட்டால் டியூட்டரிடம் சொல்.

கேள்வி: நான் பார்த்துக்கொண்ட தாத்தா இறந்துவிட்டார். பாத்ரூமில் போய் அழுதேன். 'நர்ஸ் அழக் கூடாது' என்றார் டியூட்டர். (மாணவி, விருத்தாசலம்)

அழலாம். குடும்பத்தார் உன்னைத் தேற்ற வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள், அது மட்டும்தான் கட்டுப்பாடு. முகம் கழுவிவிட்டு வந்து, வார்டு சிஸ்டர் தாத்தாவின் உடம்பைச் சுத்தம் செய்து கண்ணை மூடி, தாடையைக் கட்டி, துணி மாற்றும்போது கூட நின்று உதவி செய். அது மனதுக்கு ஆறுதலாகவும் இருக்கும், கற்றுக்கொள்ள வேண்டிய வேலையும்கூட. பல நாள் தூக்கம் வராமல், வார்டு என்றாலே வயிற்றைப் பிசைந்தால் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளாமல் வேறொரு டியூட்டரிடமோ வீட்டிலோ சொல்.

கேள்வி: போஸ்டிங் முடிகிறது. வார்டுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுக்கலாமா? (மாணவிகள், நாமக்கல்)

கொடுங்கள். சிஸ்டர் ரூமில் வைத்துக் கொடுங்கள், சர்க்கரை நோயாளிகள் படுத்திருக்கிற வார்டு நடுவில் டப்பாவைத் திறக்காதீர்கள். ஆயாம்மா, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன், நைட் டியூட்டி ஆட்கள் எல்லாருக்கும் எடுத்து வையுங்கள். ஆனால் லாக் புக்கில் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் ஸ்வீட் கொடுங்கள். இன்சார்ஜ் சிஸ்டர் மறுநாள் ஆஃப் எடுத்துவிட்டால் ஒரு கையெழுத்துக்காக நாமக்கல்லுக்கும் கல்லூரிக்கும் நீங்கள்தான் அலைய வேண்டும்.